கடல் கடந்த சிரிப்பின் கணக்கு

அவைத்தலைவர் அவர்களே, திரைப்படத்தை நேசிக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகைச்சுவைப் படம் நாட்டின் எல்லையைத் தாண்டாது என்பது திரைப்பட வணிகத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பேச்சு. அடிதடிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை, பேய்க்கும் வேண்டியதில்லை. ஒரு சிலேடையை மட்டும் இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே அதன் உயிர் போய்விடும் என்பார்கள். இந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் முதல் பாகத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு இரண்டாம் பாகத்துக்கு அது பொருந்துவதில்லை என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு ஒரே ஒரு படத்தின் வசூல் கணக்கை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்: 2011 மே மாதம் வெளியான 'தி ஹேங்ஓவர்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம்.

முதல் பாகம் 2009இல் வந்தது. இயக்கியவர் டாட் ஃபிலிப்ஸ், வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ், செலவு சுமார் 3.5 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் 'உள்நாடு' என்றால் அமெரிக்காவோடு கனடாவும் சேர்த்திதான். இதைப் பற்றிக் கனடாக்காரர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த உள்நாட்டில் படம் 27.7 கோடி டாலர் வசூலித்தது. மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 19 கோடி. அதாவது உலக வசூலில் வெளிநாட்டின் பங்கு நூற்றுக்கு 41தான். பழைய பேச்சு மெய்யென்றே தோன்றியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 8 கோடி டாலர் செலவில் இரண்டாம் பாகம் வந்தபோது, உள்நாட்டு வசூல் 25.4 கோடியாகக் குறைந்தது. வெளிநாட்டு வசூலோ 33.2 கோடியாக எழுந்தது. மொத்தம் 58.6 கோடிக்கு மேல். 2013இல் மூன்றாம் பாகம் வந்தது, உள்நாட்டில் 11.2 கோடி, வெளியே ஏறத்தாழ 25 கோடி. வெளிநாட்டின் பங்கு 41இலிருந்து 57க்கும், பிறகு 69க்கும் போயிருக்கிறது. வீட்டில் சலித்துப்போன நகைச்சுவைக்கு வெளியூரில் இன்னமும் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

முதல் பாகம் உள்நாட்டில் ஓடிய விதத்தைப் பார்த்தால் இதற்கான காரணத்தின் ஒரு நுனி கைக்கு வருகிறது. பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத அந்தப் படம் தன் முதல் வார இறுதியில் சுமார் 4.5 கோடி டாலர் எடுத்து, முடிவில் அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் சேர்த்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த கூட்டம் அது. இரண்டாம் பாகம் முதல் வார இறுதியின் மூன்று நாளிலேயே சுமார் 8.6 கோடி எடுத்தது. முடிவில் சேர்ந்தது அதன் மூன்று மடங்குதான். அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. இந்த 'முன்பே தெரிந்திருத்தல்' வெளிநாடுகளுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதே என் வாதம். திரையரங்குக்கு முதல் பாகம் வந்தபோது, முகம் தெரியாத நடிகர்களின் அமெரிக்க நகைச்சுவைக்கு யார் போவது என்று விட்டுவிட்டவர்கள், பிறகு டிவிடியிலும் தொலைக்காட்சியிலும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அப்போது செலுத்தாத டிக்கெட் பணத்தை இரண்டாம் பாகத்துக்குச் செலுத்தினார்கள். ஒரு நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம் வெளிநாட்டில் ஈட்டும் தொகையில் பெரும்பகுதி, முதல் பாகத்துக்கு வர வேண்டியிருந்த பழைய பாக்கி என்றே நான் கருதுகிறேன்.

இது ஒரு படத்தோடு நின்றிருந்தால் தற்செயல் எனலாம். 'ஆஸ்டின் பவர்ஸ்' முதல் படம் 1997இல் உள்நாட்டில் 5.4 கோடி டாலரும், வெளியே 1.4 கோடி அளவிலும் எடுத்து அடங்கிவிட்டது. வீடியோ கேசட்டில்தான் அது வாழத் தொடங்கியது. 1999இல் வந்த இரண்டாம் படம், முதல் படம் உள்நாட்டில் எடுத்த மொத்தத்தை முதல் வார இறுதியிலேயே தாண்டியது. வெளிநாட்டில் பத்துக் கோடிக்கு மேல் எடுத்தது. இதைவிட வியப்பானது 'ஆங்கர்மேன்'. 1970களின் அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரைக் கிண்டல் செய்யும் படம் அது. அந்த ஊரில் வளராதவனுக்கு அதில் பாதிச் சிரிப்பு புரியாது. 2004இல் வெளிநாடுகள் அனைத்தும் சேர்ந்து அதற்குத் தந்தது ஏறத்தாழ ஐம்பது லட்சம் டாலர். 2013இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு வெளிநாட்டில் நான்கரைக் கோடிக்கு மேல் கிடைத்தது. ஹாலிவுட் அளவில் பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒன்பது மடங்கு என்பது ஒன்பது மடங்குதான். இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில் யார் வீட்டிலெல்லாம் அந்த வட்டு சுழன்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு மறுப்புரையையும் நான் எதிர்கொள்ள வேண்டும். 'ஹேங்ஓவர்' இரண்டாம் பாகத்தைப் பற்றி விமர்சகர்கள் சொன்ன முதன்மையான குறை, அது முதல் பாகத்தையே லாஸ் வேகாஸிலிருந்து பாங்காக்குக்கு இடம் மாற்றித் திரும்ப எடுத்தது என்பதாகும். இரவில் என்ன நடந்தது என்று நினைவில்லாமல் விழித்தெழும் நண்பர்கள், காணாமல்போன ஒருவன், அவனைத் தேடும் அலைச்சல் என எல்லாம் அப்படியே. கலை என்ற வகையில் அந்தக் குறையை நான் ஏற்கிறேன். வணிகத்தில் அதே குறை வெளிநாட்டு ரசிகனுக்கு உதவியாக அமைந்தது. கதையின் எலும்புக்கூடு முன்பே தெரிந்திருந்தால், வசனத்தின் நுணுக்கம் டப்பிங்கில் தொலைந்தாலும் எங்கே சிரிக்க வேண்டும் என்பது தொலைவதில்லை. மேலும் அந்தப் படத்தின் பெரிய சிரிப்புகள் கண்ணால் காண்பவை: முகத்தில் பச்சை குத்தப்பட்டிருக்கும் பல் மருத்துவர், மழித்த தலையோடு எழுந்திருக்கும் ஜாக் கலிஃபியனாகிஸ், இடையில் புகுந்துகொள்ளும் ஒரு குரங்கு. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் படங்களை டப்பிங் செய்தே பார்க்கிறார்கள். குரங்குக்கு டப்பிங் கலைஞர் தேவையில்லை.

அந்தப் பச்சையைப் பற்றி இடையில் ஒரு சொல். குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகத்தில் அதே வடிவப் பச்சையை முதலில் வரைந்த கலைஞர், தன் ஓவியத்தை எடுத்தாண்டுவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்து, படத்தின் வெளியீட்டையே நிறுத்தும்படி கேட்டார். வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீதிபதி தடை விதிக்க மறுத்தார். வழக்குக்கு அடிப்படை இருக்கிறது என்றும் சொன்னார். பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியாகும் படத்தை இரண்டு நாளுக்கு முன் நிறுத்துவது எத்தனை பேரின் பிழைப்பைத் தொடும் என்பதை அந்த வழக்கு காட்டிற்று.

வசூல் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு வசூலை டாலராக மாற்றித்தான் பட்டியலிடுகிறார்கள். 2009 ஜூனில் ஓர் ஆஸ்திரேலிய டாலர் சுமார் 80 அமெரிக்க சென்ட். 2011 நடுவில் அது ஓர் அமெரிக்க டாலருக்கும் மேல். அந்த நாட்டில் ஒரு டிக்கெட் கூட அதிகமாக விற்காமலேயே வசூல் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருக்கும். யூரோவின் மதிப்போ அந்த இடைவெளியில் பெரிதாக மாறவில்லை. எனவே 19 கோடி 33 கோடியானதை முழுவதும் நாணயமாற்றின் தலையில் கட்டவும் முடியாது. இதன் மறுபக்கத்தை 'டெட்' (Ted) என்ற நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம் அனுபவித்தது. 2015இல் டாலர் ஓங்கி நின்ற நேரத்தில் வந்த அந்தப் படத்தின் உலக வசூல் 22 கோடிக்கும் கீழே நின்றது. முதல் படமோ 54 கோடியைத் தாண்டியிருந்தது. இரண்டு படங்களிலும் வெளிநாட்டின் பங்கு நூற்றுக்கு 60ஐ ஒட்டியே இருந்தது. பங்கை மட்டும் பார்ப்பவனுக்குச் சரிவு தெரியாது.

இன்னொன்று, வசூல் முழுவதும் தயாரிப்பாளரின் பைக்கு வருவதில்லை. பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கின்படி, அமெரிக்கத் திரையரங்கு வசூலில் பாதி விநியோக நிறுவனத்துக்குத் திரும்புகிறது, வெளிநாட்டில் நூற்றுக்கு 40, சீனாவில் 25தான். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'ஹேங்ஓவர்' இரண்டாம் பாகத்தின் 33 கோடி வெளிநாட்டு வசூல் தந்த பங்கும் 25 கோடி உள்நாட்டு வசூல் தந்த பங்கும் தலைக்குப் பதின்மூன்று கோடியை ஒட்டி, ஏறக்குறையச் சமமாகவே வருகின்றன. செய்தித்தாள்களில் 'வெளிநாடு வென்றது' என்று எழுதப்படும் வெற்றியின் உண்மையான எடை அவ்வளவுதான். சீனாவைப் பொறுத்தவரை, வயதுவாரியான தணிக்கைச் சான்று முறை அங்கே இல்லாததால், வயது வந்தோருக்கான இத்தகைய நகைச்சுவைகளுக்கு அந்தக் கதவு திறப்பதே அரிது.

அதே சீனாவிலிருந்து ஒரு நேரெதிர் எடுத்துக்காட்டு உண்டு. 'டிடெக்டிவ் சைனாடவுன்' என்ற நகைச்சுவைத் துப்பறியும் தொடரின் முதல் படம் பாங்காக்கிலும், இரண்டாவது நியூயார்க்கிலும், மூன்றாவது டோக்கியோவிலும் நடக்கிறது. 2018இல் வந்த இரண்டாம் படம் 54 கோடி டாலரும், 2021 சீனப் புத்தாண்டுக்கு வந்த மூன்றாம் படம் 68 கோடி டாலரும் எடுத்தன. மிகப் பெரும்பகுதி சீனாவுக்குள்ளேயே. கதை உலகம் சுற்றியது, பணம் ஊரிலேயே இருந்தது. மற்ற நாட்டு வீடுகளுக்குள் முதல் படம் போய்ச் சேரவில்லை, ஆகவே வசூலிக்கப் பாக்கியும் இருக்கவில்லை.

இதற்கெல்லாம் வெளியே, தனியாக நிற்பவர் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன். அவருடைய 'ஜானி இங்லிஷ்' படங்கள் 2003, 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் வந்தன. மூன்றின் உலக வசூலும் 16 கோடி டாலரை ஒட்டியே அமைந்தது. அமெரிக்க வசூலோ முதல் படத்துக்கு 2.8 கோடி, இரண்டாவதற்கு 83 லட்சம், மூன்றாவதற்கு 44 லட்சம். உலகின் மிகப் பெரிய சந்தையே மெல்ல விலகிப்போன பின்னும் மொத்தம் அசையவில்லை. பேச்சு மிகக் குறைவான மிஸ்டர் பீன் தொலைக்காட்சித் தொடர் வழியாக அந்த முகம் பல நாட்டு வீடுகளுக்குள் முன்பே நுழைந்திருந்தது.

வீட்டுத் திரையில் பிறந்த அந்த அறிமுகம்தான் இந்தக் கணக்குகள் அனைத்தையும் தாங்கி நின்றது. இன்று இரண்டாம் பாகத்தையும் அதே வீட்டுத் திரை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. எட்டி மர்ஃபியின் 'கமிங் டு அமெரிக்கா' 1988இல் உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். அதன் இரண்டாம் பாகம் திரையரங்குக்கென்றே எடுக்கப்பட்டு, பெருந்தொற்றுக் காலத்தில் அமேசானுக்கு விற்கப்பட்டு, 2021 மார்ச் 5 அன்று பிரைம் வீடியோவில் வெளியானது. முப்பத்துமூன்று ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த அந்தப் பாக்கி எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல ஒரு டிக்கெட் கவுன்டர் அங்கே இருக்கவில்லை.