வாயுள்ள பிள்ளைக்கு ஓர் அறை

(திருப்பாதிரிப்புலியூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, பேரனுக்குக் காதுகுத்து முடிந்த கையோடு விருந்தில்கூட உட்காராமல் வந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையை நிரப்பும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஐயா அவர்களே, மாணவிகளை வேன் பிடித்து அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, மைக் செட் தம்பி, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம். மாமன்ற உறுப்பினர் அவர்கள் வழியில் வந்துகொண்டிருப்பதாகச் செய்தி. வந்ததும் வரவேற்போம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசுவது. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது. இரண்டு, மனம் நோகாமல் மறுப்பது. மூன்று, தொலைபேசியில் பேசுவது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் ஆயா சொல்வார். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

வெள்ளைக்காரன் மரியாதை நமக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். 1690ல் நம் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கூடவே எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை. குண்டு உப்பலவாடிக்காரர்கள் இங்கே யாராவது இருந்தால் கதை தெரிந்திருக்கும். அன்றைக்கு ப்ளீஸும் இல்லை, தேங்க் யூவும் இல்லை! ஆனால் இன்றைக்கு வேலைக்கான நேர்காணலும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் போனும் அந்த மொழியில் வருகின்றன. பிழைப்புக்காகக் கற்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

சரி, முதல் விஷயம். ஒரு ப்ளீஸை ஒட்டிவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று நினைக்கிறோம். ‘ப்ளீஸ் கிவ் மீ தி ஃபார்ம்’ என்று முகம் தெரியாதவரிடம் சொன்னால், ப்ளீஸ் இருந்தாலும் அது கட்டளையாகத்தான் காதில் விழும். நமக்குக் ‘கொடுங்க’ என்பதில் உள்ள அந்த ‘ங்க’ பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அவர்கள் கேள்வியாகத் திருப்பிப் போடுகிறார்கள்: ‘குட் ஐ ஹேவ் தி ஃபார்ம், ப்ளீஸ்?’ கேன் என்பதைக் குட் ஆக்கு, வில் என்பதை வுட் ஆக்கு, பேச்சு தணிந்துவிடும். புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். வாய்க்கு வருவதுதான் கஷ்டம்.

என் அக்கா மகன் கதையைக் கேளுங்கள். கேட்டரிங் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். பாண்டியில் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தான். காலைச் சிற்றுண்டி நேரம், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அம்மா கையில் தட்டோடு ஜன்னலோர மேசைக்கு வந்து, ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ சாட் ஹியர்?’ என்றார். நம்ம ஆள் முகமெல்லாம் பல்லாக, ‘யெஸ் மேடம்!’

இங்கே நான் உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்பது கேள்வி. உண்டு என்கிறான் இவன், சிரித்துக்கொண்டே! அந்த அம்மா ‘ஓ, சோ சாரி’ என்று அடுத்த மேசைக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வி. இவன் இன்னும் பலமாக, ‘யெஸ், யெஸ் மேடம்!’ அதோடு விட்டானா, நாற்காலியை வேறு இழுத்துப் போடுகிறான். கை உட்காரச் சொல்கிறது, வாய் உட்காராதே என்கிறது. மூன்றாவது மேசையில் தலையையும் ஆட்டினான். நம் ஊர்த் தலையாட்டல்தான், ஆமாமா இல்லையா என்று வெளியூர்க்காரருக்கு விளங்கவே விளங்காது. கடைசியில் அந்த அம்மா சாம்பார் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நின்றபடியே இட்லியைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். “என்னடா, அந்தம்மாவை உட்காரவே விடமாட்டேங்கிறியாமே?” இவன் அழாத குறை. “யெஸ்னுதான் சார் சொன்னேன். மூணு தடவை சொன்னேன்!”

சிரிக்கிறீர்கள். அவனுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். ‘நாட் அட் ஆல்’ என்ற மூன்று சொல்லை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் வாயில் படிந்திருப்பது ‘மே ஐ கம் இன் சார்’ ஒன்றுதான். வகுப்பு வாசலில் தினமும் கையை நீட்டிச் சொன்னதால் படிந்தது. உள்ளே போன பிறகு என்ன பேசுவது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. வாயைத் திறக்க அதற்கு இடம் வேண்டாமா?

இதோ, மாமன்ற உறுப்பினர் அவர்கள் வந்துவிட்டார்கள். வாங்க ஐயா, சரியான இடத்தில் வந்தீர்கள். அந்த நாற்காலியை இப்படிப் போடுங்கள் தம்பி. பொன்னாடை கடைசியில் போர்த்துவோம்.

இரண்டாவது, மறுப்பது. ‘நோ’ என்று முகத்தில் அடிக்காமல், ‘ஐ அம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்’ என்பார்கள். பயந்து சொல்வதல்ல, வருத்தத்தோடு மறுப்பது. இதற்கும் பழக்கம்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தை விற்கும் பயிற்சி நிலையங்கள் எத்தனை ஆயிரம் கேட்கின்றன என்று இங்கே இருக்கும் பெற்றோருக்குத் தெரியும். ஆனால் நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம், ஐயா! சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோமா இல்லையா? விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதல் நூலகச் சட்டம் 1948ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் நமக்குப் பக்கத்துச் சீர்காழிக்காரர்.

நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை இருக்கிறது. இருக்கட்டும், படிக்கிற இடத்தில் அது வேண்டியதுதான். நான் கேட்பது கதவு சாத்திய ஒரு தனி அறை. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி. எங்கள் தபால் அதிகாரி ஐயாவைப் போன்றவர்கள் எதிரே உட்கார்ந்து ‘வுட் யூ மைண்ட்’ என்று கேட்பார்கள், பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் பதில் சொல்லட்டும். வேலைக்குப் போய்வரும் பெண்கள் வரட்டும், சிப்காட்டில் ஷிப்ட் முடித்த தம்பிகள் வரட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை மாநகராட்சியும் கொஞ்சம் கேட்கட்டும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். தொலைபேசியை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம். மனு வாசல் மேசைமேல் இருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறோம். பெயர், தெரு, வார்டு எண் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வார்டு எண் இல்லை என்று போன மனுவைத் திருப்பிவிட்டார்கள். முதல் கையெழுத்தை உறுப்பினர் ஐயா போட்டால் எங்களுக்குப் பலம். நன்றி, வணக்கம்.