மேன்கைண்ட் விழுந்தது நிஜமா? ஒரு கேள்வியும் விளக்கமும்

வணக்கம். போன மாதம் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரைப் பற்றிப் பேசினேன் இல்லையா? அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "யார் ஜெயிப்பார் என்று முன்பே பேசி வைத்த ஆட்டம்தானே சார்? அப்படியென்றால் அவரோடு மோதிய மேன்கைண்ட் கூண்டு மேலிருந்து விழுந்ததும் நடிப்புதானே?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெயிப்பது யார் என்பதைப் பேசி வைக்கலாம். விழுந்தால் அடிபடாது என்று யாரோடும் பேசி வைக்க முடியாது. பழைய வீடியோக்களிலும் இதைச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

மல்யுத்தம் நடக்கிற மேடை, அதாவது ரிங், எதனால் ஆனது தெரியுமா? இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய ஃபோம், மேலே கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். அதில் மல்லாந்து விழுவதை மல்யுத்த வீரர்கள் 'பம்ப்' என்பார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு கைகளாலும் தரையைப் பட்டென்று அடித்தபடி விழ வேண்டும். முகவாய் கொஞ்சம் தூக்கினாலும் பின்மண்டை மோதிவிடும். அடியை ஒரே இடத்தில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்ளும் வித்தை இது. ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். மேன்கைண்ட் என்ற பெயரில் ஆடிய மிக் ஃபோலி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, ரிங்கைச் சுற்றியும் மேலேயும் கம்பிவலை போட்ட கூண்டின் உச்சியில் போய் நின்றுவிட்டார். பின்னாலேயே ஏறியவர் அண்டர்டேக்கர், அதுவும் காலில் எலும்பு முறிவோடு. கொஞ்ச நேரத்தில் ஃபோலியைப் பிடித்து விளிம்பிலிருந்து வீசினார். பதினாறு அடி. கீழே வர்ணனையாளர் மேசை தூளானது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் மனிதர் எழுந்து, திரும்பி வந்து, மறுபடியும் மேலே ஏறினார்!

இங்கேதான் கேள்வி கேட்ட தம்பி நன்றாகக் கவனிக்க வேண்டும். முதல் வீழ்ச்சி அவர்கள் யோசித்துச் செய்தது. இரண்டாவது அப்படியில்லை. அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடித்துக் கூரைமேல் அடித்ததும், அந்தக் கம்பிவலை அப்படியே பெயர்ந்துவிட்டது. ஃபோலி நேராக ரிங்குக்குள் போய் விழுந்தார். மேலே கிடந்த இரும்பு நாற்காலியும் கூடவே வந்து முகத்தில் விழுந்தது. உடைந்த பல் ஒன்று மூக்குக்குள்ளே போய் நின்றது. அதற்கப்புறமும் ஆடினார்கள். நோட்டீஸ் போர்டில் குத்துகிற பின்களைத் தரையில் கொட்டி, அதன்மேலும் விழுந்தார். ஆட்டம் முடிந்து உள்ளே போன பிறகு, "பின்களைக் கொட்டினோமா?" என்று அவரே கேட்டிருக்கிறார். கையைப் பார்த்துக்கொள் என்றார்கள். கை நிறைய பின்கள். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். தோல்வி முன்பே முடிவானது. மூக்குக்குள் போன பல்லை யார் முடிவு செய்தார்கள்?

இதே மாதிரி இன்னொன்று. 1994 மார்ச், மியூனிக் நகரம். அப்போது ஃபோலி ஆடிய பெயர் கேக்டஸ் ஜாக், எதிரே வேடர் (Vader) என்ற வீரர். ரிங்கைச் சுற்றிக் கட்டிய கயிறுகளில் மேல் இரண்டுக்கும் நடுவே தலையைச் சிக்கவைத்துக்கொள்வது ஃபோலி வழக்கமாகச் செய்கிற வித்தைதான். அன்றைக்குக் கயிறுகளை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தலையை உருவி எடுத்ததில் காது கிழிந்தது. அப்புறம் அடி பட்டதில் வலது காதின் பெரும்பகுதி கையோடு வந்துவிட்டது. நடுவர் அதைக் குனிந்து எடுக்கிறார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

சின்ன வயதில் நாம் ஆடிய, மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு சீட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று எண்கள் இருக்கும். அந்த எண்களை வைத்துப் பார்த்தால் ஃபோலி பெரிய சீட்டே இல்லை. கட்டுமஸ்தான உடம்பு அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி இதுதான்: அப்படிப்பட்டவர் எப்படி மல்யுத்தத்துக்குள் வந்தார்? 1983-இல் கல்லூரி மாணவராக, வழியில் போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டு நியூயார்க்கில் மல்யுத்தம் நடக்கும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குப் போனார். அங்கே ஜிம்மி ஸ்னூக்கா என்ற வீரர் கூண்டின் உச்சியிலிருந்து பாய்ந்ததைப் பார்த்தார். இதுதான் என் வேலை என்று அன்றைக்கே முடிவு. படித்தது நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லாந்தில். மல்யுத்தப் பயிற்சி பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், டொமினிக் டெனூச்சி என்ற பயிற்சியாளரிடம். வார இறுதியில் அத்தனை தூரம் கார் ஓட்டிப்போய், இரவு காருக்குள்ளேயே தூங்கி, காலையில் எழுந்து பம்ப் பழகியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

1999 ஜனவரி 4 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தில் 'தி ராக்' என்ற வீரரை வென்று டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஈ) சாம்பியன் ஆனார். அதே ஆண்டு சுயசரிதை வந்தது. வேறொருவர் எழுதித் தருவதாக இருந்ததை வேண்டாமென்று, எழுநூறு பக்கங்களுக்கு மேல் கையாலேயே எழுதினார். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. 2013-இல் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் டபிள்யூடபிள்யூஈ ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். விழா நடந்த இடம் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன்.

டெனூச்சியைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அடுத்த வாரம் யாராவது அவரைப் பற்றிக் கேளுங்கள், உட்கார்ந்து பேசலாம்.