பயணத்துக்குப் பின்னே ஒரு வயல் இருக்கிறது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"மினாங்கபாவ் கிராமத்தைத் தாங்குவது தாய்வழி நிலமா, ஊர்விட்டுப் போய் ஈட்டும் பொருளா?" என்பது தலைப்பு. மினாங்கபாவ் மக்கள் இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் தாய்வழிச் சமூகத்தினர். நிலமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். ஜகார்த்தாவின் தானா அபாங் சந்தையில் துணி விற்கும் மினாங் வணிகர்களைச் சொன்னார். இந்தோனேசியா எங்கும் இருக்கும் பாடாங் சாப்பாட்டுக் கடைகளைச் சொன்னார். மேற்குச் சுமத்ராவிலிருந்து இளைஞர்கள் வெளியூர் போவதை 'மரந்தாவ்' என்பார்கள், அதுதான் கிராமத்துக்குச் சோறு போடுகிறது என்றார். மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பதினெட்டு வயதுப் பையன் எந்தத் தைரியத்தில் பேருந்து ஏறுகிறான்? தோற்றுத் திரும்பினால் அவனுக்கு எந்த வீட்டில் சோறு?

அவன் அம்மா வீட்டில். அந்தச் சோறு யாராலும் விற்க முடியாத வயலில் விளைந்தது.

அந்த நிலத்தின் பெயர் புசாக்கோ திங்கி, அதாவது பரம்பரைச் சொத்து. அது தாயிடமிருந்து மகளுக்குப் போகும். தனி ஆளுக்குச் சொந்தம் கிடையாது. ஒரே பாட்டியின் வழி வந்தவர்கள் சேர்ந்த 'கவும்' என்ற குடும்பக் கூட்டத்துக்கே சொந்தம். மேற்பார்வை தாய்மாமன் கையில். அவரை மாமாக் என்பார்கள். காப்பது அவர் பொறுப்பு, ஆனால் விற்கும் உரிமை அவருக்கும் இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் உழுது உண்ண இன்ன வயல் என்று ஒதுக்குவார்கள், அதற்கு 'கங்காம் பவுந்துவாக்' என்று பெயர். குடும்பம் பெருகி வயல் போதாமல் போனால் துண்டு போடுவதில்லை, முறைவைத்து உழுகிறார்கள். இந்த ஆண்டு அக்கா, அடுத்த ஆண்டு தங்கை. உழ ஆளில்லாத வீட்டில் பாதி வாரத்துக்கு விடுகிறார்கள். உழுதவருக்குப் பாதி, உரியவருக்குப் பாதி.

அடுத்தது, ஒருவர் தன் உழைப்பில் வாங்கிய சொத்து. அது புசாக்கோ ரந்தா. 1952இல் புக்கிட்டிங்கியில் உலமாக்களும் குலத்தலைவர்களும் கற்றோரும் கூடி, பரம்பரைச் சொத்துக்குக் குலமரபு, ஈட்டிய சொத்துக்கு இஸ்லாமிய வாரிசுமுறை என்று முடிவு செய்தார்கள். எதிரணி பெருமைப்படும் வெளியூர்ப் பணம் முழுக்க இந்த இரண்டாம் வகை. பிள்ளைகளுக்குப் பங்காகிப் பிரிந்துபோகும். பிரியாமல் நிற்பது முதல் வகை மட்டும்தான்.

"விற்க முடியாத நிலம் செத்த மூலதனம்" என்றார் எதிரணிச் சகோதரி. அவசரத்துக்கு வழியில்லாமல் இல்லை, அம்மா. விற்பதற்குத்தான் தடை. அடகு வைக்கலாம், அதுவும் நான்கே காரணங்களுக்கு. வீட்டில் பிணம் கிடந்து அடக்கத்துக்குக் காசில்லாதபோது. பருவப் பெண்ணுக்கு மணம் முடிக்க வழியில்லாதபோது. ருமா கடாங் என்னும் பெரிய வீட்டின் கூரை ஒழுகும்போது. குலத்தலைவர் பட்டம் ஆளில்லாமல் கிடக்க, எருமை அறுத்து விருந்து வைத்து அதை நிலைநிறுத்த வேண்டியபோது. நான்காவதை 'மூழ்கிய மரத்தைத் தூக்குவது' என்பார்கள். கடை போட முதல் வேண்டும், டிக்கெட்டுக்குக் காசு வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. பயணம் எவ்வளவு அவசரமானாலும் நிலத்தைத் தொட அதற்கு அனுமதி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடகில் எங்கே சறுக்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தொகையைப் பெரும்பாலும் பொன்னில் பேசுகிறார்கள். அங்கே ஓர் 'அமே' 2.5 கிராம். 10 அமேக்கு வயலை அடகு வைத்தால் மீட்க 25 கிராம் பொன் வேண்டும். பொன் விலை ஏறஏற மீட்பு கைக்கெட்டாமல் போகிறது. அதுவரை விளைச்சல் பணம் கொடுத்தவருக்கு. பல வீடுகளில் தங்கள் வயலையே தாங்கள் வாரத்துக்கு உழுது பாதி நெல்லை அவருக்கு அளக்கிறார்கள். இதற்கு 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது. 7 ஆண்டு அடகில் இருந்த விளைநிலத்தைப் பணம் வாங்காமல் திருப்ப வேண்டும். அதற்குமுன் மீட்டால், ஏழரையிலிருந்து கடந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, அடகுத் தொகையால் பெருக்க வேண்டும். 3 ஆண்டு ஆகியிருந்தால் நான்கரையை ஏழால் வகுத்த பங்கு, ஏறக்குறைய 64 விழுக்காடு. மீதி, அவர் உண்ட விளைச்சலில் கழிந்தது. ஆனால் மினாங்கபாவ் ஊர்களில் பெரும்பாலும் முழுப் பொன்னையும் கொடுத்தே மீட்கிறார்கள், வாக்குக்குக் கட்டுப்பட்டு. ஏழைக் குடும்பத்துக்கு இது அநியாயம் என்பேன். ஆனாலும் அந்த வயல் அடகில் இருக்கிறதே தவிர ஊரைவிட்டுப் போய்விடவில்லை.

பட்டா வாங்குவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கவும் நிலத்தைப் பதிய முதலில் 'ராஞ்சி' வேண்டும். பாட்டி தொடங்கி இன்றுள்ளவர் வரை எழுதிய தாய்வழிக் குலமரம் அது. உரியவர்கள் கையெழுத்திட வேண்டும். சொத்தைக் காக்கும் மாமாக், குலத்தலைவர், ஊரின் மரபு மன்றம், நகாரி என்னும் ஊராட்சியின் தலைவர் என்று ஒவ்வொருவர் ஒப்புதலும் வேண்டும். எல்லைக்காரர்களும் ஒப்ப வேண்டும். ஒரு தம்பி வெளியூரில் இருக்கிறான், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், பின்னாளில் அவன் வந்து மறுப்பான். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதைவிட மோசம், 'வசதிக்காக' ஒரே ஒருவர் பெயரில் பதிவது. வங்கியும் வாங்குபவரும் தாளில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள், பாட்டியைப் பார்க்க மாட்டார்கள். மாமாக் பெயரோடு கவும் உறுப்பினர் பெயர்களையும் சேர்த்துப் பதிவதே பாதுகாப்பு.

ஆண்களுக்குப் பங்கில்லை, அதனால்தான் ஓடுகிறார்கள் என்றார்கள். பழைய வழக்கில் மணமாகாத பையனுக்குப் பெரிய வீட்டில் அறை கிடையாது, சுராவ் என்னும் தொழுகைக் கூடத்தில் படுத்தான். மணமான பிறகு மனைவி வீட்டில் அவன் 'அடிமரத்தின் மேல் கிடக்கும் சாம்பல்', காற்றடித்தால் பறந்துவிடுவான். வலிக்கும் சொல்தான். ஆனால் அக்காள் வீட்டில் அவனே மாமாக். 'ஊரில் இன்னும் பயனில்லை, முதலில் வெளியூர் போ' என்று அந்த ஊர்ப் பழம்பாட்டு பையனைப் பார்த்துச் சொல்கிறது. 'முதலில்' என்கிறதே, பிறகு எங்கே வருவது? திரும்பாமலே போய்விடுவதற்கு 'மரந்தாவ் சீனோ' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். பயணமே தூண் என்றால் இரண்டையும் பிரித்துப் பெயரிடும் தேவை என்ன?

அரசு ஒருமுறை கை வைத்துப் பார்த்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நகாரி என்னும் பழைய ஊரமைப்பைச் சிறு 'தேசா'க்களாக உடைத்தார்கள். 2000இல் மாகாணமே மீண்டும் நகாரிக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அலுவலகப் பலகைகள் மாறின, இன்ன வயல் இன்ன கவுமுக்கு என்பது மாறவில்லை. திரும்புவதற்கு ஓர் ஊர் மிஞ்சியிருந்தது அதனால்தான்.

நமக்கு நெருக்கமான சான்று ஒன்று. தானா டாத்தார் பகுதியின் சுரோவாசோவில் பாறையைச் செதுக்கி வெட்டிய பழைய வாய்க்கால் உண்டு, பெயரே பண்டார் பாப்பாஹாட், செதுக்கிய வாய்க்கால். அங்கே 14ஆம் நூற்றாண்டு ஆதித்யவர்மன் காலத்துக் கல்வெட்டை உள்ளூர் எழுத்தோடு தென்னிந்தியக் கிரந்த எழுத்திலும் பொறித்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் அந்த மலைநாடுவரை போயிருக்கலாம். அங்கே பாறையில் வெட்டியது வாய்க்காலில் நீர் வந்த செய்தி.

கடைசியாக எதிரணியின் பலமான வாதம்: வெளியூர்ப் பணம்தானே அடகு வயலை மீட்கிறது? ஆம். அப்படியானால் அந்தப் பணம் கடைசியில் போய்ச் சேரும் இடம் எது? மீட்கும் அண்ணன் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வயல் கவுமுக்கே திரும்புகிறதா, கவும் பணத்தைத் திருப்பும்வரை தன் கையில் அடகாக இருக்கிறதா என்பதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதாவிட்டால் நாளை அவர் பிள்ளைகள் ஜகார்த்தாவிலிருந்து வந்து 'அப்பா சம்பாதித்தது' என்பார்கள், தங்கை 'பாட்டி விட்டுப்போனது' என்பாள். அந்தத் தங்கையின் பக்கம் நின்று தீர்ப்புக் கேட்கிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.