கோல்ஃப் ஆடுறவரை விளையாட்டு வீரர்னு சொல்லலாமா? தேவிகுளம் நேயரின் கேள்வி

சரி, அடுத்த கேள்வி தேவிகுளத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. அப்படியே வாசிக்கிறேன். "அண்ணே, மூணாறுல கோல்ஃப் ஆடுறவங்களைச் சின்ன வயசுல இருந்து பார்க்குறேன். ஒரு அடி அடிக்கிறாங்க, நடக்குறாங்க, நின்னு பேசுறாங்க. சட்டைகூட நனையுறதில்ல. எங்க எஸ்டேட் பசங்க வாலிபால் ஆடுறாங்க, மலை இறங்கிப் போடி பக்கம் போனா கபடி ஆடுறாங்க. அவங்களோட இவங்களையும் சேர்த்து விளையாட்டு வீரர்னு சொல்றது நியாயமா? பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போற ஆளுக்குத்தானே நிஜமான உடற்பயிற்சி?"

நல்ல கேள்வி. கொஞ்சம் கோபமும் இருக்கு, இருக்கட்டும். இதுல ரெண்டு கேள்வி இருக்கு. பை தூக்குறதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

ஒலிம்பிக்ல இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்னு சிலர் சொல்வாங்க. அந்த வாதம் நிக்காது. கோல்ஃப் 1900 பாரிஸ்லயும் 1904 செயின்ட் லூயிஸ்லயும் இருந்தது, அப்புறம் 2016 ரியோவுலதான் திரும்பி வந்துச்சு. நடுவுல இருந்த 112 வருஷமும் அது விளையாட்டு இல்லைன்னு ஆயிடுமா? ஆசிய விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கோங்க. 1982 டெல்லியில கோல்ஃப் பதக்கப் போட்டியா வந்துச்சு, லக்ஷ்மண் சிங் தனிநபர் தங்கம் வாங்குனாரு. அதே டெல்லியில கபடி வெறும் காட்சிப் போட்டிதான், பதக்கத்துக்கு 1990 பெய்ஜிங் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. இதை வெச்சுக் கபடியை விட கோல்ஃப் ஒசத்தின்னு யாராச்சும் சொல்வாங்களா? பட்டியல்ல இடம் கிடைக்கிறது வேற விஷயம்.

தம்பி சொல்ற சோதனை வேர்வை. அதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியை 1-ன்னு வெச்சா, ஒவ்வொரு வேலைக்கும் அது எத்தனை மடங்குன்னு ஆராய்ச்சியாளர்கள் பட்டியல் போட்டிருக்காங்க. மெட்னு சொல்வாங்க. 2011 பட்டியல்ல, போட்டியா ஆடுற ஃபுட்பாலுக்கு 10. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல ஓடுறதுக்கு 8.3. கோல்ஃபுக்குப் பொதுவா 4.8. பையைத் தானே தூக்கிட்டு நடந்தா 4.3, மின்சார வண்டியில போனா 3.5. ஃபுட்பாலோட பார்த்தா கோல்ஃப் பாதிக்கும் கீழதான். ஆனா அதே பட்டியல்ல கிரிக்கெட்டுக்கு என்ன போட்டிருக்காங்க தெரியுமா? அதுவும் 4.8! வேர்வையை வெச்சுக் கோல்ஃபைத் தள்ளுனா, கிரிக்கெட்டையும் கூடவே தள்ளணும். அதுக்கு நம்ம ஊர்ல யார் தயாரா இருக்கா?

நடக்குறதைச் சாட்சியாக் காட்டுறவங்களும் உண்டு. ஒவ்வொரு குழியிலயும் பந்தைப் போட்டு 18 குழி ஆடி முடிக்க 8-லிருந்து 10 கிலோமீட்டர் நடை, நாலு மணி நேரத்துக்குக் குறையாது. நாலு நாள் போட்டின்னா நடை மட்டுமே 35 கிலோமீட்டர் பக்கம் வரும். இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். கேஸி மார்ட்டின்னு ஒரு ஆட்டக்காரர், வலது கால்ல பிறவியிலேயே ரத்த ஓட்டக் கோளாறு. நடக்க முடியாது, வண்டியில போக விடுங்கன்னு கேட்டாரு. போட்டி நடத்துறவங்க, நடந்து களைக்கிறதும் ஆட்டத்துல ஒரு பங்குன்னு வாதாடுனாங்க. 2001-ல தீர்ப்பு, ஏழு நீதிபதிகள் அவர் பக்கம், ரெண்டு பேர் எதிர்ப்பு. குச்சியால பந்தை அடிக்கிறதுதான் இந்த ஆட்டத்தோட சாரம், நடை இல்லைன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது சரியான தீர்ப்புன்னுதான் படுது. நடையைக் காட்டிக் கோல்ஃபுக்கு வக்காலத்து வாங்குனா, தினமும் கொழுந்துக் கூடையோட மேட்டுல ஏறி இறங்குற நம்ம அக்காமார் எல்லாரும் அதைவிடப் பெரிய வீரர்கள்தான்.

அடுத்து நேரக் கணக்கு. ஒரு நல்ல தொழில்முறை ஆட்டக்காரர் 18 குழிக்கு 70 தடவை பக்கம் பந்தை அடிப்பாரு. அதுல 30 பக்கம் குழிக்கிட்ட மெதுவா உருட்டுறது, பட்டிங்னு சொல்வாங்க. மிச்சம் 40. அதுலயும் சிலது பாதி வீச்சு, கால் வீச்சு. ஒரு முழு வீச்சுக்கு ஒரு நொடி. ஆக நாலு மணி நேரத்துல உடம்பு முழு வேகத்துல வேலை செய்யுறது ஒரு நிமிஷம்கூட இல்ல. கேட்டா சிரிப்பு வரும். ஆனா குண்டு எறியுறவரைப் பாருங்க. ஒலிம்பிக் இறுதியில அதிகபட்சம் ஆறு எறி, ஒவ்வொண்ணும் ரெண்டு நொடிக்குள்ள முடிஞ்சுடும். மொத்தமே 12 நொடி. அவர் தடகள வீரர் இல்லைன்னு எவனும் சொல்ல மாட்டான், ஏன்னா அந்த ரெண்டு நொடியில உடம்பு என்ன செய்யுதுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியுது. கோல்ஃப்ல அது தெரியுறதில்ல. அங்கதான் குழப்பம்.

அதனால அந்த ஒரு நொடியைப் பிரிச்சுப் பார்த்துடுவோம். வலது கைக்காரர்னு வெச்சுக்கோங்க.

மட்டையைப் பின்னாடி தூக்குறதுக்கு முக்கால் நொடி. மேல போய் நிக்கும்போது தோள் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பியிருக்கும், இடுப்பு 45 டிகிரிதான் திரும்பியிருக்கும். இந்த வித்தியாசம்தான் சக்திக்கு மூலம். நடுவுல முதுகு, வயித்துப் பக்கவாட்டுத் தசை எல்லாம் இழுபட்டு நிக்கும். இப்போ இறங்கணும். இறங்குறதுக்குக் கால் நொடிதான். முதல்ல இடது பாதம் தரையை அழுத்தும், நல்லா அடிக்கிறவங்களுக்கு அந்த ஒத்தக் கால் அழுத்தம் அவங்க உடல் எடையையே தாண்டும். அப்புறம் இடுப்பு திரும்பும், அடுத்து நெஞ்சு, அடுத்து கை, கடைசியா மட்டை. ஒவ்வொண்ணும் வேகம் எடுத்து, நின்னு, அந்த வேகத்தை அடுத்ததுக்குக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். சாட்டை வேலை செய்யுறதும் இதே மாதிரிதான், கைப்பிடி நிக்கும்போதுதான் நுனி பறக்கும்.

அமெரிக்கத் தொழில்முறை ஆண்களுக்கு மட்டைத் தலையோட வேகம் சராசரியா மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல. அதாவது நொடிக்கு 50 மீட்டர். நின்ன இடத்துல இருந்து கால் நொடியில அந்த வேகம். பந்து கிளம்புறது மணிக்கு 270 கிலோமீட்டர் பக்கம். கிரிக்கெட்ல 150 போட்டா தலைப்புச் செய்தி. இன்னொரு கணக்கும் போடலாம். டிரைவர்ங்கிற பெரிய மட்டையோட தலை 200 கிராம். சுத்துற ஆரம் ஒண்ணரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல. வட்டப்பாதைக் கணக்குப்படி அடிக்கிற நேரத்துல கையை வெளியே இழுக்குற விசை 30 கிலோவுக்கு மேல வரும். அதை விரல்ல பிடிச்சுக்கிட்டு, தலையும் முதுகுச் சாய்வும் இடம் மாறாம வெச்சிருக்கணும்.

இத்தனை வேகத்தோட துல்லியமும் வேணும். பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கிறது ஒரு நொடியில ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. அந்த நேரத்துல மட்டை முகம் 2 டிகிரி திரும்பியிருந்தாலும், 250 மீட்டர் போறதுக்குள்ள பந்து 9 மீட்டர் பக்கம் விலகிடும். இது நேர்கோட்டுக் கணக்கு மட்டும், காத்துல வளையுறது தனி. மூணாறு மாதிரி 1,500 மீட்டர் உயரத்துல காத்து அடர்த்தி குறைவு, பந்து அஞ்சாறு சதவீதம் கூடுதலாப் போகும், அதனால தப்பும் கூடவே நீளும்.

உடம்பு வேலை செய்யலைன்னா உடம்பு உடையாது, இல்லையா? தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அதிகமா அடிபடுறது கீழ் முதுகு. அப்புறம் இடது மணிக்கட்டு. அமெரிக்க ஆட்டக்காரர் டைகர் வுட்ஸ் 2008-ல யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியில ஜெயிச்சப்போ இடது முழங்கால்ல தசைநார் கிழிஞ்சிருந்தது, கீழ்க்கால் எலும்புல ரெண்டு விரிசல். 2017-ல முதுகெலும்பை இணைக்கிற அறுவை சிகிச்சை, 2019-ல மாஸ்டர்ஸ்ங்கிற பெரிய கோல்ஃப் போட்டியில பட்டம். சும்மா நடந்து போறவருக்கு இதெல்லாம் வராது.

ஆனா தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அதை மறைக்கக் கூடாது. ஆட்டத்துல பாதிக்குக் கொஞ்சம் குறைவா இருக்கிற பட்டிங்ல உடல் வலுவுக்கு வேலையே இல்ல. அங்க வேணுங்கிறது கண்ணு, கை நடுக்கம் இல்லாமை, புல் சரிவைப் படிக்கிற புத்தி. குழியோட அகலம் 108 மில்லிமீட்டர், பந்து 43-க்குக் கொஞ்சம் கீழ. அது துப்பாக்கி சுடுறதுக்கு நெருக்கமான கலை. இந்திய கோல்ஃப் ஆட்டக்காரர் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது வந்தாங்க, ஒரே ஒரு தடவை கூடுதலா அடிச்சதுல பதக்கம் போச்சு. தூரம் அடிக்கிறதுல அவங்க கடைசி வரிசைல இருந்தவங்க, பட்டிங்ல முன்வரிசை. அவங்களை அங்க கொண்டுபோய் நிறுத்துனது கைநுட்பம்தான்.

அதனால என் பதில் இதுதான். கோல்ஃப் விளையாட்டு, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அதை ஆடுற எல்லாரும் வீரர் இல்ல. வண்டியில ஏறி, கையை மட்டும் வீசி, பந்து 120 மீட்டர் உருண்டதும் "நல்ல ஷாட்"னு ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிறது பொழுதுபோக்கு, அதுவும் நல்லதுதான். தரையை மிதிச்சு, இடுப்புல இருந்து வேகம் எடுத்து, அதையே நாலு நாள் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யுறவர், குண்டு எறியுறவரோட ஒரே பந்தியில உட்காரலாம். எஸ்டேட் மைதானத்துல பார்க்கும்போது வேர்வையைப் பார்க்காதீங்க. அடிச்சு முடிச்சதும் அவர் எப்படி நிக்கிறாருன்னு பாருங்க. இடது கால்ல முழு எடையும் வெச்சு, வயிறு இலக்கைப் பார்த்து, வலது குதிகால் தூக்கி மூணு நொடி ஆடாம நின்னா உடம்பு வேலை செஞ்சிருக்கு. பின்னாடி சாய்ஞ்சா கை மட்டும்தான் வேலை செஞ்சிருக்கு.

வாலிபால், கபடி ஆடுற பசங்க முயற்சி பண்ணிப் பார்க்கலாம். அவங்க செய்யுற முதல் தப்பு பலமா அடிக்கிறது. மட்டையை இறுக்கிப் பிடிச்சா முன்கை பூட்டிக்கும், மணிக்கட்டு திரும்பாது, மட்டை முகம் வலப்பக்கம் திரும்பியே வந்து பந்து வலது பக்கம் வளைஞ்சு தேயிலைக்குள்ள போயிடும். கிரிக்கெட் ஆடுறவங்களுக்கு வேற வியாதி, பந்தை நோக்கி உடம்பை நகர்த்துறது. இங்க பந்து நிக்குது, அதனால மட்டை பந்துக்கு முன்னாடியே மண்ணுல குத்தும். இதுல மணிக்கட்டுல சுளுக்கு விழும், சில நேரம் சின்ன எலும்பே முறியும். பெரிய மட்டையைத் தொடாதீங்க. 7-ஆம் எண் இரும்பு மட்டையை எடுத்து, பாதத்தைத் தோள் அகலத்துக்கு வெச்சு, பந்தை நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் வெச்சு, இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் வீசுங்க. அது நேராப் போற வரைக்கும் முழு வீச்சு வேண்டாம். முன்னாடியே வீட்டுல ஒரு சோதனை பண்ணிடுங்க. முக்காலியில உட்கார்ந்து, முழங்காலைச் சேர்த்து, தோள்ல ஒரு கம்பைக் குறுக்கே வெச்சு ரெண்டு பக்கமும் திரும்புங்க. 45 டிகிரி வரலைன்னா, அந்தக் குறையை இடுப்புக்கு மேல இருக்கிற முதுகெலும்பு சுமக்கும், வலி அங்கதான் தொடங்கும். முதல்ல அதைச் சரி பண்ணுங்க. டிசம்பர், ஜனவரிக் காலையில மூணாறு குளிர்ல பத்து நிமிஷமாவது உடம்பைச் சூடு பண்ணாம ஒரு வீச்சும் வேண்டாம். ஆனி, ஆடி மழையில ஆடப் போறவங்களுக்கு அட்டைக்கடி இலவசம்.

இப்போ பை. தம்பி சொல்றது கணக்குப்படி சரிதான். 14 மட்டை வரைக்கும் வெச்சுக்கலாம்னு விதி, அதோட பந்து, குடை, தண்ணி எல்லாம் சேர்த்தா 12 கிலோ, 15 கிலோ வந்துடும். 60 கிலோ எடையுள்ள ஒருத்தர் அதைத் தூக்கிட்டு நாலு மணி நேரம் நடந்தா 1,030 கலோரி பக்கம் போகும். வண்டியில போறவருக்கு 840. இதுல 240 சும்மா உட்கார்ந்திருந்தாலே போறது, ரெண்டு பேருக்கும் கழிச்சுக்கோங்க. உழைப்பு பை தூக்குறவருக்குத்தான் கூட. அந்த வேலையைச் சின்னதா நினைக்க வேண்டாம். டோக்கியோவுல அதிதிக்குப் பை தூக்குனது அவங்க அம்மா. தூக்குறவங்க ஒத்தப் பட்டையைத் தோள்ல மாட்டாம, ரெண்டு தோளுக்கும் பட்டை இருக்கிற பையைக் கேட்டு வாங்குங்க. ஒத்தப் பட்டைதான் இருக்குன்னா, குழிக்குக் குழி தோளை மாத்துங்க. மேடு ஏறும்போது மட்டைத் தலைகள் முன்பக்கம் இருக்கட்டும், எடை பின்னாடி இழுக்காது. கீழ வெச்சதைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காம முழங்காலை மடக்குங்க. வலி முதுகுல இருந்து கால் வரைக்கும் இறங்குனா அன்னைக்கே நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க.