அந்தரத்துக்குப் போடும் குளிசை

வணக்கம். "சலம் அந்தரமாய் வருது தம்பி, கிணற்றடி தாண்டுறதுக்குள்ள சீலை நனைஞ்சிடும்." மருந்துத் துண்டை நீட்டியபடி ஒரு ஆச்சி என்னிடம் மெல்லச் சொன்னா. வெட்கத்தில் இரண்டு வருடம் ஆரிடமும் வாய் திறக்கவில்லையாம். துண்டில் இருந்தது ஒக்ஸிபியூட்டினின், சல அந்தரத்தை அடக்கிற குளிசை.

ஒரு மாதத்தில் மகள் வந்தா. சலம் பரவாயில்லை. ஆனால் புட்டு தொண்டைக்குள் இறங்குதில்லை, வாய்க்கு வாய் தண்ணீர் வேணும். அதைவிட, சாமியறை விளக்கைக் கொளுத்திவிட்டு, கொளுத்தினேனோ என்று மூன்று தரம் கேட்கிறாவாம். "வயசு போட்டுது" என்றா மகள். எனக்குச் சந்தேகம் குளிசையில்.

சலப்பையைச் சுருங்கச் செய்வது அசற்றைல்கோலின் என்ற பொருள். இந்தக் குளிசை அதன் வேலையை மறிக்கும். வாயில் எச்சில் ஊறவும் குடல் அசையவும் மூளையில் ஞாபகம் நிற்கவும் அதே பொருள்தான் வேணும். அதனால்தான் வாய் காய்வது, மலச்சிக்கல், கண் மங்கல், வயதானவர்களுக்குத் தடுமாற்றம். தோல்டெரோடின், சொலிஃபெனாசின் எல்லாம் இதே குடும்பம். வியர்வையும் குறையும், எங்கள் சித்திரை வெக்கையில் அது சின்ன விஷயமில்லை.

ஆச்சியின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தேன். கால் எரிவுக்கு அமிட்ரிப்டிலின், தடிமனுக்கு யாரோ கொடுத்த குளோர்பெனிரமின். இவையும் அசற்றைல்கோலினை மறிக்கிறவைதான்; சலக் குளிசையோடு சேர்த்து மூன்றும் ஒரே பக்கம் இழுக்கிற மாடுகள்! மூன்றையும் ஒருசேரப் பார்த்தவர் எவருமில்லை.

மிராபெக்ரோன் என்ற இன்னொரு சலக் குளிசை வேறு வழியில் வேலை செய்யும், வாய் அவ்வளவு காயாது. ஆனால் பிறசரைக் கூட்டலாம். கட்டுக்குள் வராமல் 180க்கு 110 அளவில் நிற்கிறவர்களுக்கு அது ஆகாது. கண் அழுத்த வருத்தம் உள்ளவர்களும், சலம் முக்கிப் போகிற ஐயாமாரும் எந்தக் குளிசைக்கும் முன்பே அதை டொக்டரிடம் சொல்லிவிட வேணும். சலம் அடியோடு நின்றால் விடியட்டும் என்று படுத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

சரி, ஆச்சி? பையோடு டொக்டரிடம் அனுப்பினேன். தடிமன் குளிசை போனது, சலக் குளிசை மாறியது, பொழுதுபட்ட பிறகு தேத்தண்ணியும் இல்லை. இப்போது விளக்கைப் பற்றிக் கேட்பது குறைந்துவிட்டதாம். புட்டுக்குத் தேங்காய்ப்பூ காணாது என்றுதான் சண்டையாம்.