கோடு விழுந்தது, வாசிப்பு விழவில்லை: இலத்திரனியல் வளங்களின் புதிய கணக்கு

[திரையில்: ஒரு கோட்டு வரைபடம். 2018 முழுவதும் உயரத்தில் போகும் கோடு, 2019 ஜனவரியில் செங்குத்தாக இறங்குகிறது.]

வணக்கம். இந்தக் கோட்டைப் பாருங்கள். கல்லடிப் பாலத்தில் இருந்து வாவிக்குள் குதித்தது மாதிரி இருக்கிறது, இல்லையா? எங்கள் நூலகம் சந்தா கட்டி எடுக்கும் இணையச் சஞ்சிகைகள் எத்தனை தடவை பயன்பட்டன என்று காட்டும் கோடு இது. வரைந்தது நான்தான். நூலகக் குழுக் கூட்டத்தில் போட்டுக் காட்டியதும் நான்தான். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, புள்ளைகள் வாசிக்கிறத விட்டுட்டாங்களா? மறுகா ஏன் நாம டொலர்ல காசு கட்டுற?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த வீடியோ. வந்தாறுமூலையோ ஒலுவிலோ, பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் சந்தாக் கணக்குப் பார்க்கிறவர்கள் கடைசிவரை இருந்து பாருங்கள்.

[திரையில்: நூலக இரவல் மேசை. அதன்மேல் "கவுண்டர்" என்ற எழுத்து.]

கவுண்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புத்தகம் இரவல் தருகிற மேசை. இது வேறு கவுண்டர். 2002இல் தொடங்கிய ஒரு சர்வதேச ஏற்பாடு. நூலகங்களும் வெளியீட்டாளர்களும் சேர்ந்து, இணையத்தில் இருக்கும் சஞ்சிகை, நூல், தரவுத்தளம் எல்லாம் எத்தனை தடவை பயன்பட்டன என்பதை ஒரே விதிப்படி எண்ண ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி எண்ணியது. விதிகள் திருத்தப்படும்போது புது ரிலீஸ் வரும். ரிலீஸ் 4 நீண்ட நாள் ஓடியது. 2019 ஜனவரிப் பயன்பாட்டில் இருந்து ரிலீஸ் 5. 2025 ஜனவரியில் இருந்து 5.1.

என் கோடு எங்கே விழுந்தது என்று பார்த்தீர்கள்தானே? சரியாக 2019 ஜனவரியில்.

[திரையில்: நூலக வாசலில் கையொப்பப் பதிவேடு.]

நூலக வாசலில் வைத்திருக்கும் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி காலை ஒன்பது மணிக்குக் கையொப்பம் வைத்து உள்ளே வருகிறார். பத்து நிமிடத்தில் பிளேன்டீ குடிக்க வெளியே போய், திரும்பி வந்து மறுபடி கையொப்பம் வைக்கிறார். பதிவேட்டில் இரண்டு வரி. வந்த ஆள் ஒன்று.

ரிலீஸ் 4இல் சஞ்சிகைப் பயன்பாட்டைத் தந்த ஜே.ஆர். 1 அறிக்கை கையொப்பத்தை எண்ணியது. ஒரு கட்டுரையை முதலில் இணையப் பக்கமாகத் திறக்கிறீர்கள், பிறகு அதையே பிடிஎஃப் ஆக இறக்குகிறீர்கள். அதற்கு 2. சில தளங்களில் கட்டுரையைத் தொட்டாலே இணையப் பக்கம் திறந்துதான் பிடிஎஃப்புக்கு வழி கிடைக்கும். அப்படிப்பட்ட தளத்தின் எண்ணிக்கை, எந்தத் தில்லுமுல்லும் இல்லாமலே, ஊதிப்போய்விடும். நேரே பிடிஎஃப் தருகிற தளம் பாவம், ஒன்றோடு நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "எது மலிவு" என்று நாம் தீர்ப்பு வேறு சொல்லிக்கொண்டிருந்தோம்.

ரிலீஸ் 5 இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தருகிறது. டோட்டல் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ் என்பது கையொப்பம். யுனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ் என்பது ஆள். மேலே சொன்ன கட்டுரையை ஒரே அமர்வில் திறந்திருந்தால் டோட்டல் 2, யுனிக் 1. அதே இணைப்பை 30 வினாடிக்குள் இரண்டு தடவை சொடுக்கினால் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும். நம் இணைப்பு மந்தமான நாட்களில் மாணவர்கள் எத்தனை தரம் சொடுக்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும், அதனால் இந்த விதி தேவைதான்.

[திரையில்: பழைய ஜே.ஆர். 1 நிரலுக்குப் பக்கத்தில் புதிய யுனிக் நிரல். நடுவில் சிவப்பு வட்டம்.]

நான் செய்த பிழை இதோ. 2018க்குக் கையொப்பம், 2019க்கு ஆள். இரண்டையும் ஒரே கோட்டால் இழுத்துவிட்டேன். மரைக்காலால் அளந்த நெல்லைத் தராசில் போட்டுவிட்டு, விளைச்சல் குறைந்துபோச்சு என்று அழுத கதை.

பழையதோடு ஒப்பிட வேண்டுமானால் டோட்டலை எடுக்க வேண்டும். அதிலும் ஒரு சுழி உண்டு. ஜே.ஆர். 1இல் திறந்த அணுக்கக் கட்டுரைகளும், அதாவது சந்தா இல்லாமலே யாரும் வாசிக்கக்கூடியவையும், சேர்ந்திருந்தன. ரிலீஸ் 5இன் புதிய சஞ்சிகை அறிக்கையான ரி.ஆர். ஜே1 அவற்றை விலக்கிவிடுகிறது. ஆகவே அணுக்க வகைப்படி பிரித்துத் தரும் ரி.ஆர். ஜே3இல் எல்லா வகையையும் கூட்டி எடுத்தால்தான் பழையதுக்குக் கிட்ட வரும். கிட்டத்தான், சமன் அல்ல. இனி வரும் வருடங்களுக்கு யுனிக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடையில் இன்னொன்று. இன்வெஸ்டிகேஷன்ஸ் என்றும் ஒரு எண் இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் பார்த்தாலும் அது ஏறும், முழுக் கட்டுரையைத் திறந்தாலும் ஏறும். ஆகவே எப்போதும் பெரிய எண். விற்பனைப் பிரதிநிதி ஸ்லைடில் பெரிய எண்ணைக் காட்டினால், தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்த மெட்ரிக்?" என்று மட்டும் கேளுங்கள்.

[திரையில்: எக்செல் அட்டவணை. மேல் வரிகள் பெரிதாகின்றன.]

5.1 இவ்வளவு பெரிய கலக்கம் அல்ல. அறிக்கையின் மேலே "ரிலீஸ்" என்ற வரியில் 5 என்றா 5.1 என்றா இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அணுக்க வகைகளின் பெயர் மாறியிருக்கிறது: முன்பு "ஓஏ கோல்ட்", இப்போது "ஓப்பன்". தலைப்புப் பகுதியில் ரெஜிஸ்ட்ரி ரெக்கோர்ட் என்று ஒரு வரி கூடியிருக்கிறது. ஒரு வரிதானே என்று நினைக்காதீர்கள். குறிப்பிட்ட நிரையில் இருந்து வாசிக்கும்படி யாராவது எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருந்தால், அது ஒரு நிரை தள்ளி வாசிக்கும், பிழை என்று சத்தமும் போடாது.

மின்நூலுக்கு வேறு எண். ஒரு மாணவர் ஒரே அமர்வில் ஒரே நூலின் ஐந்து அத்தியாயங்களைத் திறந்தால் யுனிக் ஐட்டம் 5, யுனிக் டைட்டில் 1. அத்தியாயமாக விற்கும் தளத்தையும் முழு நூலாகத் தரும் தளத்தையும் ஒப்பிட டைட்டில் எண்தான் நியாயமானது.

[திரையில்: கணினிக் கூடம். இருபது கதிரைகள், இருபது திரைகள், ஒரே கட்டுரை.]

இப்போது நம் இடத்துக்கே உரிய சிக்கல். "ஆள்" என்று சொன்னேன், ஆனால் தளத்துக்கு ஆளைத் தெரியாது. லொகின் இருந்தால் அதை வைத்து அறியும், இல்லாவிட்டால் குக்கியை வைத்து. இரண்டும் இல்லையென்றால் ஐபி முகவரி, பிரௌசர் வகை, திகதி, மணித்தியாலம் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் அமர்வு என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி.

நம் கணினிக் கூடத்தில் எல்லாக் கணினியும் ஒரே நாளில் ஒரே மாதிரி நிறுவப்பட்டவை. ஒரே பிரௌசர், ஒரே பதிப்பு. வெளியே போவது ஒரே பொது ஐபி. விரிவுரையாளர் "எல்லாரும் இந்தக் கட்டுரையத் திறங்க" என்கிறார். இருபது பிள்ளைகள் திறக்கிறார்கள். அப்படிப்பட்ட தளத்தில் யுனிக் எண்ணிக்கை 1 ஆகவே விழலாம். இருபது பேரும் பத்து நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்டு வாசித்தது ஒரு ஆள் கணக்கு. டோட்டலும் கொஞ்சம் அடிபடும், 30 வினாடி விதி அங்கேயும் ஒருவரை ஒருவர் விழுங்கும். இதற்கு விதியைத் திட்டிப் பயனில்லை. தனித்தனி லொகினோடு உள்ளே போகப் பழக்குவதுதான் வழி.

[திரையில்: இரவு. வீட்டுத் திண்ணையில் கைபேசியோடு ஒரு மாணவன்.]

லொகின் இன்னொரு விதத்திலும் உதவும். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ வீட்டில் இருந்து மொபைல் டேட்டாவில் தேடுகிற மாணவனைத் தளத்துக்கு நம் பிள்ளை என்று தெரியாது. பணம் கேட்டுக் கதவு மூடும். அந்த மூடிய கதவுகூட நம் அறிக்கையில் வராது. திறந்த அணுக்கக் கட்டுரை என்றால் வாசித்துவிடுவான், அதுவும் நம் கணக்கில் சேராது. வளாகத்துக்குள் இருந்தோ நம் லொகினோடோ முட்டினால் மட்டும் "நோ லைசென்ஸ்", அதாவது உரிமம் இல்லை, என்று பதிவாகும், ரி.ஆர். ஜே2இல் தெரியும். என்னைக் கேட்டால் எல்லா அறிக்கையிலும் பெறுமதி கூடியது ஜே2தான். பிள்ளைகள் எதைத் தேடிக் கிடைக்காமல் திரும்பினார்கள் என்று வேறு எந்தத் தாள் நமக்குச் சொல்கிறது? கொள்வனவுக்குக் கோரிக்கை எழுதும்போது இதைப் பின்னால் இணையுங்கள்.

[திரையில்: சந்தா ÷ யுனிக் எண்ணிக்கை.]

ஒரு பாவனைக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கிறவர்கள் ரூபாயில் மட்டும் பார்க்காதீர்கள். 2022 மார்ச்சுக்கு முன்பு டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. மே மாதம் 360ஐத் தொட்டது. ஒரு கட்டுரைகூடக் குறையாமல், ஒரு டொலர்கூடக் கூடாமல், ரூபாய்க் கணக்கில் சந்தா முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டது. இரண்டு நிரல் போடுங்கள். குழு ரூபாயைத்தான் கேட்கும், ஆனால் ஒப்பீடு டொலரில் இருக்கட்டும்.

[திரையில்: முதல் வரைபடம் மறுபடி. இப்போது 2019 ஜனவரியிலும் 2025 ஜனவரியிலும் செங்குத்துச் சிவப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் உள்ள இடங்களில் வரைபடம் தொடராமல் அறுந்து நிற்கிறது.]

சென்ற கூட்டத்தில் இப்படித்தான் போட்டேன். விதி மாறிய இடத்தில் கோட்டை வெட்டியாயிற்று. இந்த முறை வாசிப்பு விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதே பேராசிரியர் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். "தம்பி, நம்மட விவசாயச் சஞ்சிகை ஒண்டு எடுத்தமே, அது இதில எங்க?"

அது இல்லை. ரிலீஸ் 5இல் இருந்து பூச்சியப் பயன்பாடு அறிக்கையில் வராது. ஒருவரும் திறக்காத சஞ்சிகை 0 என்றுகூட எழுதப்படாமல் காணாமல் போய்விடும். அதைக் கண்டுபிடிக்க நம் சந்தாப் பட்டியலை, இல்லையென்றால் வெளியீட்டாளர் தரும் கேபார்ட் என்ற தலைப்புப் பட்டியலை, அறிக்கையோடு வரிக்கு வரி பொருத்திப் பார்க்க வேண்டும். எக்செல்லில் வீலுக்அப் போட்டால் அரை மணித்தியால வேலை.

அவருக்கு இதை விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். அந்தச் சஞ்சிகை வேணும் என்று கடிதம் தந்தவர் அவர்தான்.