எர்த் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டாவில் பல ஊர்களில் கரண்ட் போச்சு, செல்போனும் போச்சு. நான் உரிமம் வாங்கிய ஹேம் ரேடியோக்காரன், அதாவது ஆர்வத்துக்காக சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்துப் பேசுகிறவன். நாமக்கல்லிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு லாரியில், 50 வாட் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாக மாட்டிக் கொடுத்தேன். மாட்டிய லட்சணத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

காலையில் டிரைவர் அண்ணன் செல்ஃப் அடித்தார். வண்டி முனகியது. இரண்டாவது தடவை அடித்ததும் தலைக்கு மேலே ஓடிய ஆன்டெனா கேபிள் உருகிப் புகைந்தது. "செட்டை நான் தொடவே இல்லீங்க!" என்று கத்தினார். அவர் சொன்னது உண்மை. செட் ஆஃபில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, போகும் தடித்த எர்த் கேபிள், போல்ட் அடியில் துருப்பிடித்துப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. செல்ஃப் மோட்டார் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். அத்தனையும் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். நானோ செட்டின் நெகட்டிவ் வயரை நேராக பேட்டரி முனையிலேயே கொடுத்திருந்தேன். பெரிய வழி அடைபட்டதும், சேசிஸ், அதிலிருந்து ஆன்டெனாவுக்கு நான் கொடுத்திருந்த எர்த் வயர், ஆன்டெனா அடிப்பாகம், ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னல், செட்டின் உடம்பு, என் நெகட்டிவ் வயர் என்று கரண்ட் குறுக்குவழி பிடித்துவிட்டது. பாசிட்டிவில் ஃப்யூஸ் போட்டவன், நெகட்டிவ்தானே என்று அதை விட்டிருந்தேன்.

சரி, எர்த் கேபிள் முனையில் போல்ட் மாட்டும் பழைய லக்கை வெட்டியெறிந்து புதிது போட்டு, சேசிஸை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினோம். செட்டின் நெகட்டிவையும் பேட்டரியிலிருந்து பிடுங்கி, அந்த எர்த் கேபிள் சேசிஸில் சேரும் அதே இடத்தில் கொடுத்தேன். இனி எர்த் கேபிள் கழன்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். ரேடியோ எரியாது.

அப்புறம் 24 வோல்ட் சமாசாரம். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும், மொத்தம் 24. செட்டுக்கு வேண்டியதோ 12. பாட்டுப்பெட்டிக்கு ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்துக் கொடுப்பது நம் பட்டறைகளில் சகஜம். செய்யாதீர்கள். அந்த ஒரு பேட்டரி காலியாகிக்கொண்டே வரும். டைனமோவோ இரண்டையும் சேர்த்தே சார்ஜ் பண்ணுவதால், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜாகிக் கொதிக்கும். சீக்கிரமே இரண்டும் போய்விடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர்தான் வழி. அதையும் பேட்டரி பக்கத்தில் வைக்காமல் செட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேசும்போது இந்த செட் 10, 12 ஆம்பியர் கேட்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் 2 வோல்ட் வழியிலேயே தொலையும். கன்வெர்ட்டர் பக்கத்தில் இருந்தால், நீளமான வயரில் பாதி கரண்ட்தான் ஓடும். அங்கே கொஞ்சம் வோல்ட் குறைந்தாலும் கன்வெர்ட்டர் சரிக்கட்டிவிடும். மட்டமான கன்வெர்ட்டர் என்றால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், அது தனித் தலைவலி.

இதுவரை சொன்னது பேட்டரி கரண்டுக்கான எர்த். ரேடியோ அலைக்கான எர்த் வேறு ஆள். ரொம்பப் பேர் சறுக்குவது இங்கேதான், மல்டிமீட்டரில் இரண்டுமே சுழி ஓம் காட்டும் என்பதால். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டர் சொச்சம். கால் அலை ஆன்டெனா அரை மீட்டர் கம்பி. அது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி அதன் அடியில் விரியும் தகரம். எங்கள் லாரியின் கேபின் கூரை ஃபைபர். அங்கே ஆன்டெனாவை நட்டு, ஒரு மீட்டர் வயரை சேசிஸுக்கு இறக்கி எர்த் கொடுத்தாயிற்று என்று நினைத்தேன். ஒரு மீட்டர் என்பது இந்த அலைக்குக் கிட்டத்தட்ட அரை அலைநீளம். அந்த வயரும் இன்னொரு ஆன்டெனாவாகிவிடுமே தவிர எர்த் ஆகாது. கடைசியில் மேல் கேரியரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரம் ஒன்றை போல்ட் போட்டு, நடுவில் ஓட்டை அடித்து ஆன்டெனாவை நட்டோம். பெயின்ட் அடித்த தகரமாக இருந்தால் ஆன்டெனா உட்காரும் இடத்தைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். இல்லாவிட்டால் துரு திரும்ப வந்து உட்காரும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை சேசிஸிலும் வைத்துவிட்டு, திரும்பவும் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்தான், எர்த் கேபிள் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் நாள் ராத்திரியே இதைப் பார்த்திருந்தால் ஒரு கேபிள் மிஞ்சியிருக்கும்.

உரிமம் வைத்திருக்கும் இன்னொரு ஹேம் நண்பர் டிரைவர் அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டார், லாரி கிளம்பியது. கருகிய கேபிளைத் தேடினேன், காணோம். கிளீனர் தம்பி தார்ப்பாயை அதை வைத்துத்தான் இழுத்துக் கட்டியிருந்தான். வணக்கம்.